பச்சைப் புள்ளி மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

சோயா போன்றவற்றைக் கொண்டு இறைச்சிபோலச் செய்யப்படும் தாவர இறைச்சிக்கு 'கபாப்', 'சாசேஜ்' என்று பெயர் வைக்கலாமா என்ற விவாதத்தில் பெயருக்கே எல்லாக் கவனமும் போகிறது. வாங்குபவரைத் தடுமாற வைப்பது பொட்டலத்தின் பின்பக்கம்தான்.

பச்சைப் புள்ளி 'சைவம்' என்று மட்டுமே சொல்கிறது. நம் நாட்டு விதிப்படி பாலும் தேனும் அதில் அடக்கம்; முட்டை அடங்காது. துண்டுகள் உதிராமல் பிடித்துக்கொள்ள முட்டை வெண்கரு சேர்த்தால் அசைவக் குறியான பழுப்பு முக்கோணம் போட்டே ஆக வேண்டும். பால் புரதம் சேர்த்தாலோ பச்சைப் புள்ளி அப்படியே இருக்கும். பாலே ஆகாது என்பவர்கள் 2022ஆம் ஆண்டு வீகன் (விலங்குப் பொருள் எதுவும் சேராத) உணவு ஒழுங்குமுறையின்படி தரப்படும் தனி முத்திரையைத் தேட வேண்டும்.

அதைவிடக் கவலை தருவது கோதுமைப் புரதம். பல தயாரிப்புகளில் கோழிக்கறிபோல நார் நாராகப் பிரிய வைப்பது அதுதான். வெறும் சோயா என்று நம்பிச் சாப்பிட்டால் கோதுமைப் புரதம் ஆகாத சீலியாக் நோயாளியின் குடல் புண்ணாகும். ஒவ்வாமைப் பொருள்களை அறிவிக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் அந்த வரி உறையின் மடிப்பு ஓரத்தில், பொடி எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் கிடக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நல்ல விதி உண்டு. வாங்குபவர் எதிர்பார்க்கும் பொருளுக்குப் பதில் வேறொன்றைச் சேர்த்தால், அதைப் பெயருக்கு அருகிலேயே, பெயரின் எழுத்து உயரத்தில் 75 சதவீதத்துக்குக் குறையாமல் அச்சிட வேண்டும். இங்கும் 'சோயா, கோதுமைப் புரதத்தில் செய்தது' என்ற வரி, பெயருக்குக் கீழேயே தமிழிலும் வர உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட வேண்டும்.

– வாசகர், கோயம்புத்தூர்