கட்டி மறைந்தால் நோய் போய்விட்டதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சினைப்பைப் புற்றுநோய் குறித்துத் தங்கள் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அக்கறையோடு எழுதப்பட்ட அக்கட்டுரையில், கீமோதெரபிக்குப் பிறகு ஸ்கேனில் கட்டி தென்படாவிட்டால் நோய் முற்றிலும் நீங்கிவிட்டதாகக் கொள்ளலாம் என்ற ஒரு வரி மட்டும் திருத்தப்பட வேண்டும் என்று கருதுகிறேன்.

இந்நோய் பெரும்பாலும் 3ஆம், 4ஆம் நிலைகளில்தான் கண்டறியப்படுகிறது. அறுவை சிகிச்சையுடன் பிளாட்டினம் அடங்கிய கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் ஆகிய கீமோதெரபி மருந்துகளைச் செலுத்தும்போது பத்தில் ஏழெட்டுப் பேருக்குக் கட்டி நன்றாகவே சுருங்குகிறது, நோயின் போக்கைக் கண்காணிக்க ரத்தத்தில் அளக்கப்படும் சி.ஏ.125 என்ற புரதத்தின் அளவும் இறங்கிவிடுகிறது. ஆயினும், முற்றிய நிலையில் சிகிச்சையைத் தொடங்கியவர்களில் பெரும்பாலோருக்குச் சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ நோய் திரும்புகிறது. கடைசித் தவணைக்குப் பின் 6 மாதங்களுக்குள் திரும்பினால், அதைப் பிளாட்டினத்துக்கு மசியாத நோய் என்று மருத்துவர்கள் வழக்கமாக வகைப்படுத்துவார்கள்.

இதற்குத் தரப்படும் விளக்கங்களுள் முக்கியமானது, கட்டியை மீண்டும் உருவாக்க வல்ல சிறு தொகுதியான புற்றுநோய் ஸ்டெம் செல்கள் பற்றியது. கோரையின் தழையை அறுத்துவிட்டு மண்ணுக்குள் கிழங்கை விட்டுவைத்தால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கும் நடக்கிறது. கீமோதெரபி வேகமாகப் பிரியும் செல்களையே அதிகம் தாக்கும். புற்றுநோய் ஸ்டெம் செல்களோ பிரியாமல் உறங்கிக்கிடக்க வல்லவை. உள்ளே நுழையும் மருந்தை வெளியேற்றும் புரதங்கள் இவற்றின் சவ்வில் மிகுந்திருக்கின்றன. டி.என்.ஏ.வில் பிளாட்டினம் ஏற்படுத்தும் சேதத்தை இவை திறம்படச் சரிசெய்துகொள்கின்றன. போதாக்குறைக்கு, வயிற்றில் கோத்துக்கொள்ளும் நீரில் புற்றுச் செல்கள் சிறுசிறு உருண்டைகளாகத் திரண்டு மிதப்பதால், உருண்டையின் நடுப்பகுதிக்கு மருந்து போதிய அளவில் சென்று சேர்வதில்லை. அப்படித் தப்பியவை வயிற்றறையின் உட்சவ்வில் ஒட்டி மீண்டும் வளரத் தொடங்குகின்றன. இவ்வளவு சிறிய எச்சத்தை எந்த ஸ்கேனும் காட்டாது.

ரத்தப் புற்றுநோயில் இத்தகைய செல்கள் 1994இல் கனடா விஞ்ஞானி ஜான் டிக் குழுவினரால் இனங்காணப்பட்டன. சினைப்பைப் புற்றுநோயில் ஸ்டெம் செல் இயல்புடைய செல்களை 2005இல் முதன்முதலாக எடுத்துக்காட்டியவர்களுள் புனே தேசிய செல் அறிவியல் மையத்தின் ஷர்மிளா பாபட் குழுவினர் முக்கியமானவர்கள்; கட்டுரையில் அவர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாதது எனக்குச் சற்று வருத்தமே. சி.டி.44, சி.டி.117 ஆகிய புரதங்களைத் தாங்கிய வெறும் 100 செல்களே எலியின் உடலில் புதிய கட்டியை உருவாக்கப் போதுமானவை என்பது 2008இல் வெளியான ஓர் ஆய்வின் முடிவு.

அதற்காக, ‘வேரை அழிக்கும் மருந்து வந்துவிட்டது’ என்று தலைப்பிட்டுவிடவும் கூடாது. இச்செல்களை அடையாளம் காண எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தும் ஒரே குறியீடு இல்லை. சிகிச்சையின் நெருக்கடியில் சாதாரணப் புற்றுச் செல்களும் இத்தன்மைக்கு மாறக்கூடும். டி.என்.ஏ. சேதத்தைச் சரிசெய்ய உதவும் பி.ஆர்.சி.ஏ. மரபணு பழுதாகியிருந்து, மறுபடியும் மாற்றமடைந்து வேலை செய்யத் தொடங்குவது போன்ற வேறு காரணங்களாலும் மருந்து பலிக்காமல் போகிறது. நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மின் இச்செல்களைக் குறைக்கலாம் என்று 2020இல் வெளியான ஆய்வில், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அதை நம்பி எவரும் தாமாக அம்மாத்திரையை விழுங்கக் கூடாது. பெயர் ஒன்றாக இருப்பதால் புற்றுநோய் ஸ்டெம் செல்களை ‘ஸ்டெம் செல் சிகிச்சை’ என விளம்பரப்படுத்தப்படுபவற்றோடு குழப்பிக்கொள்பவர்களும் உண்டு, இரண்டுக்கும் தொடர்பில்லை.

நான் குறிப்பிட்ட வரியால் விளையக்கூடிய தீங்கு நடைமுறை சார்ந்தது. பி.ஆர்.சி.ஏ. மாற்றமுள்ள, முற்றிய நிலை நோயாளிகள் கீமோதெரபி பலனளித்த பின்னும், புற்றுச் செல்கள் டி.என்.ஏ. சேதத்தைச் சரிசெய்வதைத் தடுக்கும் ஓலாபரிப் மாத்திரையைத் தொடர்ந்தபோது, நோய் முற்றும் அல்லது உயிரிழக்கும் அபாயம் 70 சதவீதம் குறைந்ததை 2018இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. கட்டி மறைந்ததுமே நோய் நீங்கிவிட்டதென்று நம்பும் பெண்ணுக்கு இந்த மாத்திரை வீண் செலவாகவும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லும் பரிசோதனை வீண் அலைச்சலாகவும்தான் தோன்றும். ஆகவே, ‘நோய் நீங்கிவிட்டது’ என்பதற்குப் பதிலாக ‘தற்போது நோயின் தடயம் தென்படவில்லை’ என்று திருத்தி, அதே மருத்துவப் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவர்