மகளின் கைக்கு எந்தக் குச்சி?

தங்கச்சிமடம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. மகள் டிரம்ஸ் பழகத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் அடுப்படி வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். எல்லாருக்கும் அவ்வளவு சந்தோஷம். இங்கே இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15-இல் கரையில் கட்டிய விசைப்படகுகள் ஜூன் 14 கழிந்துதான் கடலுக்குப் போகும். வேலை இல்லாத பையன்கள் எல்லாம் பாடகர் குழுப் பயிற்சிக்கு வந்துவிடுகிறார்கள். சாயங்காலம் ஆனால் கோயில் மண்டபம் அதிர்கிறது. புதுப் பாம்பன் பாலத்தில் ரயில் ஓடுவதால் மதுரைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவதும் முன்போல் அலைச்சல் இல்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். டிரம்ஸ் குச்சியில் கடைக்காரர் 5பி அளவு என்கிறார், மாஸ்டர் 7ஏ என்கிறார், எதை வாங்க என்று கேட்டிருக்கிறாய். முதல் ஜோடி 5ஏ வாங்கு. அது எல்லாருக்கும் பொருந்தும் என்பதால் சொல்லவில்லை. அதை வைத்து வாசித்தால்தான் அவள் கைக்கு இன்னும் கனம் வேண்டுமா, குறைய வேண்டுமா என்பது தெரியவரும்.

அந்த எண்ணும் எழுத்தும் பலரைக் குழப்புகின்றன. பொதுவாக எண் ஏறினால் குச்சி மெலியும். ஏ என்றால் ஆர்க்கெஸ்ட்ரா, பி என்றால் பேண்டு, எஸ் என்றால் தெருவில் நடந்துகொண்டே வாசிப்பது. ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஓ என்று போடாமல் ஏ போட்டது, அச்சில் அது பார்க்க நன்றாக இருந்ததால்தான் என்பார்கள். குச்சி செய்யும் விக் ஃபிர்த் கம்பெனிக் கணக்கில் 7ஏ பதினைந்தரை அங்குல நீளம், 0.540 அங்குலப் பருமன். 5ஏ 16 அங்குலம், பருமன் 0.565. 5பி அதே நீளம், பருமன் 0.595. 2பி இன்னும் தடி, 0.630. வேறு கம்பெனியில் கொஞ்சம் மாறும். 7ஏ-க்கும் 5ஏ-க்கும், 5ஏ-க்கும் 5பி-க்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை பார். ஆனாலும் கால் மணி நேரம் வாசித்தால் விரல் அதைச் சொல்லிவிடும்.

சின்னப் பிள்ளைக்கு மெல்லிய குச்சிதான் இதம் என்று மாஸ்டர் சொன்னது பாதிதான் சரி. குச்சியில் கனம் இல்லையென்றால் சத்தம் வேண்டும்போது அவளே ஓங்கி அடிக்க வேண்டிவரும். ஓங்கும்போது பிடி இறுகும். இறுகிய பிடியில் குச்சி தோலிலிருந்து தானாக எழும்பாது, ஒவ்வொரு அடிக்கும் கைதான் அதைத் தூக்க வேண்டும். மணிக்கட்டு வலி அங்கேதான் ஆரம்பம். மறுபக்கம், 2பி மாதிரித் தடியைக் கொடுத்தால் மெதுவாக வாசிக்க வேண்டிய இடத்தில் அதை அடக்கிப் பிடித்தே கை சோர்ந்துபோகும். ஆக, நான் பார்ப்பது ஒன்றைத்தான்: குச்சி எழும்புவதற்குக் கை வழிவிடுகிறதா?

அதைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன், வீட்டில் பயிற்சி ரப்பர் பலகையிலேயே செய்து பார்க்கலாம். அடிப்பக்கத்திலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே குச்சியைப் பிடிக்கச் சொல். மற்ற விரல்கள் சும்மா தொட்டுக்கொண்டிருக்கட்டும். நுனியைப் பலகையில் விழவிட்டு, எத்தனை முறை துள்ளி ஓய்கிறது என்று அவளே எண்ணட்டும். பிடியைக் கொஞ்சம் முன்னே நகர்த்தி ஒரு முறை, பின்னே நகர்த்தி ஒரு முறை. எந்த இடத்தில் அதிகம் துள்ளுகிறதோ, அதுதான் அந்தக் குச்சிக்கு அவள் பிடிக்க வேண்டிய இடம். அந்த இடம் கைக்கு இயல்பாக வராமல் எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் குச்சியை மாற்று.

நீ தேர்பவனியில் சைடு டிரம்மைத் தோளில் மாட்டி வாசித்தவன். டிரம் சாய்ந்து தொங்குவதால் இடது உள்ளங்கையை மேலே மலர்த்திப் பிடிக்கும் பழக்கம் உனக்கு. பிள்ளைக்கும் அதையே காட்டிக்கொடுத்தாயா என்று எழுது. அந்தப் பிடியில் இடது கை முன்கையைத் திருப்பித் திருப்பித்தான் வாசிக்கும், நுனி கனத்த குச்சி சீக்கிரம் அலுக்க வைக்கும். இரண்டு கையும் கவிழ்த்த பிடி என்றால் கொஞ்சம் கனம் கூடினாலும் தாங்கலாம்.

கடையில் எடுக்கும்போது பெயரைப் பார்த்து எடுக்காதே, ஜோடியைப் பார்த்து எடு. கண்ணாடி மேசைமேல் ஒவ்வொன்றாக உருட்டு. நேரானது அமைதியாக உருளும். கோணல் இருந்தால் தடக் தடக்கென்று தலையாட்டிக்கொண்டே போகும். பிறகு இரண்டையும் ஒரே அளவு பிடித்து மேசையில் தட்டி, சுருதி ஒன்றாக இருக்கிறதா என்று காதைக் கொடு. ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் கேட்டால் மரத்தின் அடர்த்தி வேறு, உலோகத் தட்டான சிம்பலில் அது தெளிவாகத் தெரியும். நம் பக்கத்துப் பறையில் இது தலைகீழ். வலக்கையில் குட்டையான பூவரசங்குச்சி, இடக்கையில் நீளமான மூங்கில் சிம்பு. இரண்டுக்கும் இரண்டு வேலை, அதனால் இரண்டு மரம். டிரம்ஸில் இரண்டு கையும் ஒரே பேச்சைப் பேச வேண்டும், அதனால்தான் ஜோடிப் பொருத்தத்துக்கு இவ்வளவு பாடு.

மரம் என்று பார்த்தால் ஹிக்கரி வாங்கு. அடியின் அதிர்வைத் தானே வாங்கிக்கொண்டு, கைக்குக் குறைவாகவே அனுப்பும். மேப்பிள் கனம் குறைவு, பருமனான பிடி வேண்டும் ஆனால் கனம் வேண்டாம் என்பவர்களுக்கு நல்லது. ஓக் கனமானது, நாள்பட உழைக்கும், அதிர்வு கைக்கு வரும். இப்போதைக்கு அவளுக்கு வேண்டாம்.

நுனியில் நைலான் போட்டது 1958-இல் ஜோ கலாட்டோ என்ற அமெரிக்க டிரம்மர் கொண்டுவந்த யோசனை. தாளத்தை ஓட்டிக்கொண்டே போகும் ரைடு சிம்பலில் சத்தம் பளிச்சென்று விழும், நுனி சிதறாது. எனக்கு மர நுனிதான் பிடிக்கும், சத்தம் கொஞ்சம் தணிவாக, பாட்டோடு கலந்து வருகிறது. பாடுகிறவர்கள் பக்கத்திலேயே நின்றால் இது முக்கியம். மாதா சுரூபம் வைத்த சின்னக் கெபியில் பூசை என்றால் நான் குச்சியையே எடுப்பதில்லை, மெல்லிய ஈர்க்குகளைக் கட்டிய ராட்ஸ்தான்.

ஒன்று மட்டும் நம் கடற்கரைக்காரன் கவலை. இங்கே உப்புக்காற்றில் வியர்த்துக்கொண்டே இருக்கும், வார்னிஷ் கனமாகப் பூசிய குச்சி சிலர் கையில் வழுக்குகிறது, சிலர் கையில் பிசுபிசுக்கிறது. பிடிக்கும் இடத்தில் மட்டும் மென்மையான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டால் போதும். பழைய ஜோடிகளைச் சுவரில் சாய்த்து வைக்காமல் படுக்கப்போட்டு வைக்கச் சொல், ஈரக்காற்றில் வளைந்துவிடும்.

குச்சி சீக்கிரம் முறிகிறது என்று அவள் சொன்னால் உடனே தடியானதற்குப் போகாதே. முறிந்ததை எடுத்துப் பார். நுனிக்குச் சற்றுக் கீழே, காலால் மூடித் திறக்கும் ஜோடிச் சிம்பலான ஹை-ஹாட்டின் விளிம்பு கடித்துக் கடித்து நார்நாராகப் பிரிந்திருக்கும். பளாரென்று ஓங்கி அடிக்கும் கிராஷ் சிம்பலை நேரே வெட்டாமல் உரசிப் போகிற மாதிரி அடிக்கப் பழகினாலே குச்சிக்கும் சிம்பலுக்கும் ஆயுள் கூடும்.

விடுமுறைக்குக் கட்டாயம் அவளைக் கூட்டிக்கொண்டு வா. என்னிடம் 7ஏ, 5ஏ, 5பி மூன்றும் இருக்கிறது. ஒரே பாட்டை மூன்றிலும் வாசிக்கச் சொல்வோம். கடையில் நின்று யோசிப்பதைவிட அதில் சீக்கிரம் தெரிந்துவிடும். அப்புறம் அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லையே? வருகிற தேதியை முன்கூட்டியே சொல்லு, மண்டபச் சாவியை வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்