காட்டுக்குப் போயிருக்கார்

அன்புள்ள கௌசி,

மூன்று மாதமாகப் பதில் இல்லை என்று திட்டியிருப்பாய். திட்டு. பேத்தி ராத்திரியில் தூங்குவதில்லை. மகளுக்குப் பத்தியம் சமைப்பதிலேயே என் பகலும் போய்விடுகிறது. மற்றபடி எல்லாரும் சுகம். என் முழங்கால் மட்டும் ஊரில் இருந்தபடியே இருக்கிறது.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. போன மாதம் மாப்பிள்ளை எங்களை இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் என்ற மேட்டுப் பகுதிக்குக் கூட்டிப்போனார். 'வோல்ட்' என்றால் பழைய ஆங்கிலத்தில் காடு என்று அவர் சொன்னதும், மரம் பார்க்க ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டேன். போய் இறங்கினால் மொட்டைப் புல்மேடு! எங்கே பார்த்தாலும் செம்மறி ஆடு. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அகராதியைப் புரட்டினேன். உன் சொல் பைத்தியம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

மகள் இருக்கும் இந்தக் கென்ட் பக்கத்துக்கு 'வீல்ட்' என்று பெயர். வீல்டும் வோல்டும் ஒரே சொல்தானாம். ஜெர்மன்காரர்கள் இன்றும் காட்டை 'வால்ட்' என்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கும் முந்தைய ஆல்ஃபிரட் ராஜா காலத்து ஆண்டுக்குறிப்பு ஒன்று இங்கிருந்த காட்டை 120 மைல் நீளம், 30 மைல் அகலம் என்கிறது. இங்கே இன்னும் மரம் நிறைய. மேட்டுப் பக்கம் மரத்தை வெட்டி ஆட்டை விட்டார்கள். பெயர் மட்டும் அங்கேயே தங்கி, 'மரமில்லாத மேட்டுநிலம்' என்றே அர்த்தம் மாறிப்போனது.

பக்கத்து ஊர் டெண்டர்டென். 'டென்' என்றால் காட்டுக்குள் பன்றி மேய்த்த இடம். பெயரின் முன்பாதி தானெட்டிலிருந்து வந்ததாம்; கென்ட்டின் கிழக்குக் கோடியில் இருந்த தானெட் தீவுக்காரர்கள் அத்தனை தூரத்திலிருந்து இங்கே பன்றிகளை ஓட்டிவந்து ஓக் கொட்டை தின்ன விட்டிருக்கிறார்கள். நேற்று அதே கொட்டை, தொப்பி போட்ட மாதிரி இருக்கும், பேத்தியின் தள்ளுவண்டிச் சக்கரத்தில் சிக்கிக் கடகடவென்றது. தூங்கிய பிள்ளை எழுந்துவிட்டது.

அப்போதுதான் உங்கள் வீடு நினைவுக்கு வந்தது. ஆறாம் வகுப்பில் முதல்முறை வந்தபோது உன் அம்மா, "அவர் காட்டுக்குப் போயிருக்கார்" என்றார்களே, நான் புலி வருமா என்று கேட்டேனே! வருஷம் பூரா சிரித்தாயே, பாவி. தஞ்சாவூர்க்காரிக்கு வயல் என்றால் வயல். உங்கள் கொங்கு நாட்டில் சோளம் விளைந்தாலும் காடு, கடலை விளைந்தாலும் காடு என்று எனக்கு யார் சொன்னார்கள்? வோல்டுக்காரன் செய்ததையேதான் நீங்களும் செய்திருக்கிறீர்கள்.

சரி, சிரித்தது போதும். அண்ணன் அந்தக் காட்டைப் பிளாட் போட விலை பேசுவதாகப் போனில் சொன்னாயே, அது மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது. உன்னிடம் கையெழுத்துக் கேட்டாரா? கிணற்றடி வேப்பமரம் யார் பங்கில் வருகிறது? பணம் வேண்டியிருக்கிறது என்றால் என்னிடம் சொல்ல உனக்கு என்னடி கூச்சம்? 20-ஆம் தேதி வந்துவிடுவேன். அதுவரை எந்தக் காகிதத்திலும் கை வைக்காதே.

அம்மாவிடம் புலியை விசாரித்ததாகச் சொல்.

உன்,
சரசு