ஷுகருக்கும் பெண்பால் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2022 அக்டோபர் 16 அன்று போபாலில் எம்.பி.பி.எஸ். முதலாண்டுக்கான உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் நூல்கள் இந்தியில் வெளியாயின. ஆங்கிலக் கலைச்சொற்களை அப்படியே தேவநாகரி எழுத்தில் போட்டிருக்கிறார்களே என்று பலர் கேலி செய்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வடக்கே ஒரு மருத்துவமனையில் செவிலியராகச் சேர்ந்தபோது ‘மதுமேஹ்’, ‘ரக்தசாப்’, ‘யக்ருத்’ என்று மனப்பாடம் செய்துகொண்டு போனவள் நான். வார்டில் ஒருவர்கூட அப்படிப் பேசவில்லை. ஷுகர், பீபீ, லிவர்தான். ஆங்கிலம்தானே என்று அசட்டையாக இருந்தால் அங்கேயும் வழுக்கும். இந்தியில் பீபீ ஆண்பால், கூடினால் ‘பட் கயா’. ஷுகரோ பெண்பால், கூடினால் ‘பட் கயீ’. (எந்த ஜோசியர் பார்த்துச் சொன்னாரோ!) ‘அட்டாக் ஆயா’ என்றால் மாரடைப்பு. குளுக்கோஸ் ஏற்றுவது ‘போதல் சடானா’; முதல் நாள் எந்தப் பாட்டிலை எங்கே ஏற்றச் சொல்கிறார்கள் என்று விழித்தேன். வயிற்றுப்போக்குக்கு ‘தஸ்த்’ என்று படித்திருந்தேன். நோயாளிகள் சொன்னது, நம்மூர் போலவே, லூஸ் மோஷன்.

வடக்கே வேலைக்குப் போகும் செவிலியருக்கு இந்தி கற்றுத்தருபவர்கள், சமஸ்கிருதச் சொற்பட்டியலுக்கு முன்பாக இந்த வார்டு இந்தியைச் சொல்லிக்கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்