கோர்ட் செலவை யார் கூட்டிப் பார்ப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பட்ஜெட் என்றால் நம் வீடுகளில் பேச்செல்லாம் பஸ், கரண்ட், பால் விலை, மெட்ரோ என்றுதான் ஓடும், உங்கள் பத்திரிகையும் பக்கம் பக்கமாக அதைத்தான் போடும், தப்பில்லை. ஆனால் கோர்ட்டுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று இந்த அல்சூரில் ஒருத்தர் கேட்டு நான் பார்த்ததில்லை. கர்நாடகத்தின் 2025-26 பட்ஜெட் 4 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. நாட்டில் எந்த மாநிலமும் தன் மொத்தச் செலவில் ஒரு சதவீதத்துக்கு மேல் நீதித்துறைக்குச் செலவழிப்பதில்லை என்கிறது, நீதி வழங்குவதில் மாநிலங்களுக்கு ரேங்க் போடுகிற இந்தியா ஜஸ்டிஸ் ரிப்போர்ட் 2025. அதே அறிக்கையில் பெரிய மாநிலங்களில் முதலிடம் கர்நாடகத்துக்கு! முதல் ரேங்க் வாங்கின பிள்ளையின் லட்சணமே இது.

அதிலேயே இன்னொரு கணக்கும் இருக்கிறது. நாட்டு அளவில் ஆண்டுக்குத் தலைக்கு போலீசுக்கு 1,275 ரூபாய், நீதித்துறைக்கு 182, ஜெயிலுக்கு 57, இலவச சட்ட உதவிக்கு 6. ஆளைப் பிடிப்பதற்கு இருக்கிற பணம், பிடித்த ஆளை விசாரித்து முடிப்பதற்கு இல்லை.

எங்கள் தெருவில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிற தம்பி ஒரு சங்கிலிப் பறிப்பு கேஸில் சாட்சி. கடை வாசலில் நடந்தது, பாவம், ஓடிப்போய்ப் பிடித்தவனே அவன்தான். சம்மன் வந்தால் கடையைப் பூட்டிவிட்டுப் போவான். ஒரு நாள் அரசு வக்கீல் இல்லை, அவருக்கே இரண்டு கோர்ட், அன்று இன்னொன்றில் நிற்கிறார். அடுத்த தடவை குற்றம் சாட்டப்பட்டவனை ஜெயிலிலிருந்து கூட்டி வரவில்லை, எஸ்கார்ட் போலீசை எல்லாம் ஏதோ ஊர்வல பந்தோபஸ்துக்கு அனுப்பிவிட்டார்களாம். அதற்கடுத்து, கடையின் சிசிடிவி ஹார்டு டிஸ்க் லேபுக்குப் போனது, ரிப்போர்ட் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் வாய்தா. சாட்சிக்குப் பேட்டா உண்டென்று யாரோ சொல்ல, போய்க் கேட்டிருக்கிறான். மேஜையில் மலை மாதிரி கேஸ் கட்டுகள், அவற்றுக்கு நடுவிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்த கிளர்க், ஃபண்டு வந்தால் தருவோம் என்று சொல்லிவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்துவிட்டாராம். இனிமேல் கண்ணெதிரே கொலையே நடந்தாலும் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்வேன் அண்ணா என்கிறான், நான் என்ன சொல்ல?

இதில் ஜட்ஜ் மேல் என்ன குற்றம்? அவர் நேரத்துக்கு வந்து உட்கார்ந்துதான் இருக்கிறார். அரசு வக்கீல், போலீஸ், ஜெயில், தடயவியல் லேப் எல்லாம் உள்துறையின் கீழ், கோர்ட் மட்டும் சட்டத்துறையின் கீழ். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒதுக்கீடு, தனித்தனிக் கணக்கு. அரசு வக்கீல் பணியிடத்தை நிரப்பாமல் வைத்தால் அந்தச் சம்பளம் மிச்சம் என்று ஒரு கணக்கில் ஏறும். அதனால் கேஸ் இழுத்து, விசாரணைக் கைதி கூடுதலாக இருக்கிற மாதங்களின் சாப்பாடும் காவலும் இன்னொரு கணக்கில் செலவாகும். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. 2022 கணக்குப்படி நாட்டின் ஜெயில்களில் இருப்பவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். சங்கிலிப் பறிப்புக்குப் புதிய தண்டனைச் சட்டத்தில் அதிகபட்சத் தண்டனையே 3 ஆண்டுதான், தீர்ப்பு வருவதற்குள் அதில் எவ்வளவு உள்ளேயே கழிந்துவிடும் என்று பாருங்கள்.

புதிய சட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது. அதோடு சேர்ந்து 2024 ஜூலை 1 முதல் அமலான பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் ஆட்கள் சம்பவ இடத்துக்கு நேரில் போக வேண்டும் என்கிறது, அதைச் செயல்படுத்த 5 ஆண்டு அவகாசமும் தருகிறது. சட்டம் போட்டது டெல்லி, ஆளும் வண்டியும் கெமிக்கலும் வாங்க வேண்டியது மாநிலம். பணமில்லை என்று மாநிலம் கையை விரிக்கவும் முடியாது, விரைவான விசாரணைக்கு நிதியில்லை என்பது சாக்காகாது என்று 1979-லேயே ஹுஸைனாரா காத்தூன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

ஒரே ஒரு வழக்கில் மட்டும் செலவை ஒழுங்காகக் கூட்டிப் பார்த்தார்கள். நம் ஆட்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கை 2003-ல் சுப்ரீம் கோர்ட் சென்னையிலிருந்து பெங்களூருக்கு மாற்றியது, 2014 செப்டம்பர் 27 அன்று பரப்பன அக்ரஹாராவில் தீர்ப்பு வந்தது, அன்று ஓசூர் ரோட்டில் மாட்டிக்கொண்டவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். பிறகு கர்நாடகம் சுமார் 12 கோடி ரூபாய்க்குக் கணக்குப் போட்டுத் தமிழ்நாட்டிடம் கேட்டது. பில்லை வேறொருவர் கட்டப்போகிறார் என்றால் மட்டும் எப்படிக் கச்சிதமாக எழுதுகிறார்கள் பாருங்கள்! நாமே கட்டுகிற பில்லுக்கு ஒரு தாள்கூடக் கிடையாது.

நான் கேட்பது பெரிய தொகைகூட இல்லை. தேர்தலில் வாக்குக் கொடுத்த ஐந்து கியாரண்டித் திட்டங்களுக்கு 51 ஆயிரம் கோடி ஒதுக்கிய அரசு இது, அதில் எனக்கு வருத்தமில்லை, என் வீட்டம்மாவே பெண்களுக்கான சக்தி இலவச பஸ் டிக்கெட்டில்தான் கே.ஆர். மார்க்கெட் போய் வருகிறாள். பெண்களுக்கான ஒதுக்கீட்டை எல்லாத் துறைகளிலிருந்தும் திரட்டித் தனிப் புத்தகமாக பட்ஜெட்டோடு வைக்கிறார்களே, அதைப்போல குற்ற வழக்குகளுக்கும் ஒரு புத்தகம் வைக்கட்டும். அரசு வக்கீல் பணியிடம் எத்தனை காலி, லேபில் எத்தனை ரிப்போர்ட் பாக்கி, எஸ்கார்ட் இல்லாமல் எத்தனை வாய்தா, சாட்சிப் பேட்டாவுக்கு எவ்வளவு ஒதுக்கி எவ்வளவு கொடுத்தார்கள், எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். புதுக் கோர்ட் கட்டடத்துக்கு ரிப்பன் வெட்டுகிற படத்தை அதற்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

அது வரும்வரை உங்கள் நிருபர் ஒரு வேலை செய்யலாம். சாட்சிப் பேட்டா விஷயத்தை மட்டும் மாவட்ட வாரியாக ஆர்.டி.ஐ.யில் கேட்டு, வருகிற பதிலை அப்படியே அச்சிடுங்கள். பத்து ரூபாய் கட்டணம்தான், வேண்டுமானால் நான் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு