2025ஆம் ஆண்டறிக்கை: நர்சம்மா வந்த வருஷம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, டெல்லி மயூர் விஹார் வட்டாரத் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்.

வழக்கமான சங்கதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். பொங்கல் விழா பூங்காவில் நடந்தது. பனிமூட்டத்தில் பானை பொங்கியதைப் பின்வரிசைக்காரர்கள் குலவைச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டார்கள். சமுதாயக் கூடம் கிடைக்காததால் சித்திரை விழா ஒரு வாரம் தள்ளிப்போனது. நவராத்திரிச் சுண்டல் பற்றி வந்த புகார்கள் செயற்குழுவில் வாசிக்கப்பட்டன. அதற்கு மேல் அதில் செய்ய ஒன்றுமில்லை. தணிக்கை செய்த வரவு செலவு இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. கடனும் இல்லை, மிச்சமும் இல்லை.

ஞாயிறு தமிழ் வகுப்பைப் பற்றிச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஜூலையில் இருபத்திரண்டு பிள்ளைகள்; தீபாவளிக்குப் பிறகு ஐந்து பேர். காற்று சரியில்லை என்று பெற்றோர் காரணம் சொன்னார்கள். அதே காற்றில் அதே பிள்ளைகள் கிரிக்கெட் பயிற்சிக்குப் போவது என் வீட்டு மாடியிலிருந்து நன்றாகவே தெரிகிறது.

இனி, இந்த வருஷம் உண்மையில் நடந்ததற்கு வருகிறேன்.

பிப்ரவரியில் ஒரு புது உறுப்பினர் சேர்ந்தார். எழுபத்துநான்கு வயது. சின்னாளபட்டியிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருக்கிறார். விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் 'நர்ஸ், ஓய்வு' என்று மட்டும் எழுதியிருந்தார். அறிக்கையில் பெயர் போடக்கூடாது என்பது அவர் போட்ட கண்டிஷன். ஊரில் கூப்பிட்டதுபோல நர்சம்மா என்றே எழுதுகிறேன்.

சின்னாளபட்டி என்றால் நம் வீட்டுப் பெண்களுக்குச் சேலை ஞாபகம் வரும். திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில், சிறுமலைப் பக்கம், தறிச்சத்தம் கேட்கும் சிறிய ஊர். அதை ஒட்டித்தான் காந்திகிராமம் என்ற கிராமச் சேவை நிறுவனம். டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கியது. டி.வி.எஸ். நிறுவனர் சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம். இளவயதிலேயே முதல் கணவரை இழந்து, அதன்பிறகு டாக்டருக்குப் படித்தவர். படித்தது எங்கே தெரியுமா? நம் டெல்லியில், லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில். அங்கே உடன் படித்த, பிற்பாடு காந்தியின் மருத்துவரான சுசீலா நய்யார் மூலம்தான் காந்தியிடம் போய்ச் சேர்ந்தார். சின்னாளபட்டியில் இரண்டு படுக்கையோடு அவர் ஆரம்பித்த மருத்துவமனைதான் பிற்பாடு கஸ்தூரிபா மருத்துவமனை ஆனது. 1962இல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்கு வந்து, கல்வித் துறைத் துணை அமைச்சராகவும் இதே டெல்லியில் இருந்திருக்கிறார். இருபத்தெட்டு வருஷமாக டெல்லியில் இருக்கும் எனக்கு இதில் ஒரு வரிகூடத் தெரியாது.

ஆகஸ்ட் 18 சௌந்தரம் அம்மாவின் பிறந்த நாள் என்று நர்சம்மாதான் நினைவுபடுத்தினார். அன்று அவரையே பேசச் சொன்னோம். மாலை போட்ட படத்தைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் கைப்பையிலிருந்து ஒரு புது பிளேடும் ஒரு முழம் வெள்ளை நூலும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

1969இல், பதினெட்டு வயதில், காந்திகிராமத்தில் பயிற்சி எடுத்தவர் அவர். அதன்பின் ஏறக்குறைய நாற்பது வருஷம் ஆத்தூர் வட்டாரக் கிராமங்களில், முதலில் நடந்து, அப்புறம் சைக்கிளில். அந்தக் காலத்தில் தொப்புள்கொடியை அரிவாளால் அறுத்துச் சாணியோ சாம்பலோ வைத்துவிடுவார்களாம். ஒரு வாரத்தில் பிள்ளையின் தாடை இறுகும், பால் இறங்காது, உடம்பு வில்லாக வளையும். பேய் அடித்துவிட்டது என்பார்கள். அது பேய் இல்லை, ரணஜன்னி, அதாவது டெட்டனஸ். தாய்க்கு மாசமாக இருக்கும்போதே இரண்டு தடுப்பூசி, கொதிக்க வைத்த நூல், புது பிளேடு, புண்ணில் ஒன்றும் வைக்காமல் விடுவது, இவ்வளவுதான் அதைத் தடுக்கும் வழி. "இதச் சொல்றதுக்கு ஒரு நிமிசம் போதும். ஒரு ஊர் கேக்குறதுக்குப் பத்து வருசம் ஆச்சு" என்றார். முதலில் கிழவி மருத்துவச்சிகள் இவரை வாசலிலேயே நிறுத்தினார்களாம். இவர் சண்டை போடவில்லை. அவர்களையே பக்கத்தில் உட்கார வைத்து, பிளேடை அவர்கள் கையில் கொடுத்திருக்கிறார். 2015இல், பிரசவத்தில் வரும் ரணஜன்னி இந்தியாவில் ஏறக்குறைய ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்தச் செய்தியை எந்தப் பேப்பரில் பார்த்தீர்கள் என்று கேட்டேன். பார்க்கவில்லையாம், அன்று பேரனுக்குக் காய்ச்சலாம்.

செப்டம்பரில் நான்கு பேர் அவரை மெட்ரோவில் ராமகிருஷ்ண ஆசிரமம் மார்க் வரை கூட்டிப்போய், அங்கிருந்து ஆட்டோவில் லேடி ஹார்டிஞ்ச் வாசலில் இறக்கினோம். உள்ளே போகவேண்டாம், பார்த்தால் போதும் என்றார். காவலாளி எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார். நர்சம்மா கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கோட்டு போட்ட பெண்கள் வெளியே வரும்போதெல்லாம் முதுகு நிமிர்ந்தது. "அம்மா இந்தப் படியிலதான் ஏறியிருப்பாங்க" என்றதைத் தவிர வேறு பேச்சில்லை. திரும்பும்போது எங்களுக்குச் சமோசா வாங்கிக் கொடுத்துவிட்டு, எண்ணெய் சரியில்லை என்று தான் சாப்பிடவில்லை.

இன்னொன்றையும் பதிவு செய்ய வேண்டும். ஜூன் 1ஆம் தேதி, நீதிமன்ற உத்தரவின்படி, ஜங்புராவில் பாராபுல்லா கால்வாய் ஓரத்து மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப்பகுதி இடிக்கப்பட்டது. தலைமுறைகளாக இருந்த நம் ஜனங்கள். நரேலாவில் வீடு கிடைத்தவர்கள் போனார்கள், கிடைக்காதவர்கள் அங்கங்கே சிதறினார்கள். நம் சங்கமும் அரிசி, பருப்பு, பாய் சேர்த்தது. பட்டியல் போட்டுக்கொண்டிருந்த செயற்குழுவில் நர்சம்மா கேட்டது ஒரே கேள்வி: "மாசமா இருக்கவக எத்தன பேரு? அவக தாய் சேய் அட்டைய எடுத்தாங்களா?" எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. விசாரித்ததில், ஊசி, பரிசோதனை விவரம் எழுதும் அந்த அட்டை இரண்டு பெண்களுக்கு இடிபாட்டில் போயிருந்தது. ஊசி எப்போது போட்டது என்று யாருக்கும் நினைவில்லை. போனிலேயே மாதக் கணக்கைக் கேட்டு, தேதிகளை ஒரு தாளில் எழுதி, பக்கத்துச் சுகாதார நிலையத்தில் காட்டச் சொன்னார். ஹிந்தி பேச நம் பொருளாளர் கூடப் போனார். இரண்டு பிரசவமும் நல்லபடியாக ஆனது. ஒன்று பையன், ஒன்று பெண்.

இந்தக் கூட்டத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்த செயற்குழு தீர்மானித்திருந்தது. "போத்திக்கிட்டு எங்க போறது?" என்று மறுத்துவிட்டார். அந்தப் பணத்தில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று வாங்கச் சொன்னார், வாங்கியாயிற்று. புதன்கிழமைதோறும் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, நம் வீடுகளில் வேலை செய்யும் திரிலோக்புரிப் பெண்களுக்காகச் சமுதாயக் கூடத் தாழ்வாரத்தில் உட்காரப்போகிறார். துணைக்கு வாரம் இரண்டு பேர் வேண்டும். வர முடிந்தவர்கள் வாசல் மேசையில் உள்ள நோட்டில் பெயர் எழுதவும். போன கூட்டத்தில் அந்த நோட்டோடு கட்டியிருந்த பேனாவை எடுத்துப்போனவர் திருப்பித் தந்தால் நல்லது.

இப்படிக்கு,
செயலாளர்