எங்கள் ஊருக்கு இரண்டு கரை: கடற்கரை வரைபடம் வரைபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு மீனவக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். கடற்கரை மேலாண்மைத் திட்டத்துக்கான வரைபடம் என்று ஒரு தாளை எங்கள் ஏலக்கொட்டகையில் விரித்தபோது நானும் அங்கே இருந்தேன். கிழிந்த வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள். பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவர், "இதுல நம்ம ஊரு எங்க தம்பி இருக்கு?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் தேடி, வீடுகள் இருக்கும் ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டினேன். "அப்ப நம்ம படகெல்லாம் எங்க நிக்குது?" என்றார். தாளில் அந்த இடம் வெறும் மணலாக இருந்தது.

அந்த மணலில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். படகை ஏற்றி வைக்கும் இடம் இருக்கிறது. மழை விட்டதும் வலை விரிக்கும் மேடு, கருவாடு காயும் திட்டு, வெளியூர்க்காரர்கள் சீசனுக்கு வந்து வாடி என்ற ஓலைக் குடிசை போடும் இடம், அதற்கு அந்தப் பக்கம் சுடுகாடு. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓர் ஊற்று. உப்புத் தண்ணீருக்கு இவ்வளவு பக்கத்தில் நல்ல தண்ணீர் ஊறும் என்று வெளியிலிருந்து வருபவர்கள் நம்புவதில்லை. பெண்கள் குழிக்குள் இறங்கி, சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிறைப்பார்கள். ஒரு குடம் நிறையக் கால் மணி நேரம் ஆகும். கோடையில் இன்னும் கூட. வீட்டை மட்டும் வரைந்துவிட்டு இதையெல்லாம் விட்டுவிட்டால், நாளைக்கு யாராவது அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு "இது காலி இடம்தானே?" என்று கேட்பார்கள். அப்போது நாங்கள் எதைக் காட்டுவது?

இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. 2011-இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே மீனவக் கிராமங்கள், அவர்களுடைய பொதுச் சொத்துகள், படகுத் துறைகள், ஐஸ் பிளாண்ட், மீன் உலர்த்தும் இடம் எல்லாவற்றையும் வரைபடத்தில் காட்டச் சொன்னது. பெருகும் குடும்பங்களுக்கு எதிர்காலத்தில் வேண்டிய வீட்டுவசதிக்கும் திட்டம் தயாரிக்கச் சொன்னது. சட்டத்தில் எழுதியிருப்பதைத் தாளிலும் வரையுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

அடுத்தது காற்று. இது உங்கள் அளவைக் கருவியில் தெரியாத விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எங்கள் நிலம் ஒரு நாக்கு மாதிரி நீண்டு கிடக்கிறது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கைப் பெண் கடல் என்போம், தெற்கை ஆண் கடல் என்போம். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் பெண் கடல் பொங்கும், தெற்கு அடங்கிக் கிடக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பினால் அப்படியே மாறிவிடும். அதனால் படகும் வலையும் வாடியும், சில நேரம் குடும்பமும், ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குப் போகும். ஒரே ஊருக்கு இரண்டு கரை. நீங்கள் எந்த மாதம் வந்து பார்த்தாலும் ஒரு கரை வெறிச்சோடித்தான் இருக்கும். செயற்கைக்கோள் படமும் ஏதோ ஒரு நாளில் எடுத்ததுதானே? அன்றைக்கு வெறுமையாகத் தெரிந்த கரைக்கும் ஆள் உண்டு.

தனுஷ்கோடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ரயிலும் ஊரும் போயின. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ஆனால் அந்த மணலில் அதற்கப்புறமும் மீனவர்கள் குடிசை போட்டுத் தொழில் செய்துகொண்டுதான் வருகிறார்கள். காரணம், மீன் அங்கே வருகிறது.

இந்த வளைகுடாவில் கரை ஒரே இடத்தில் நின்றதே இல்லை. பாண்டியர்களின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலை விட்டு வெகுதூரம் உள்ளே, வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்த மண் துறையை மூடியதும் தொழில் காயல் என்ற ஊருக்கு நகர்ந்தது. மார்க்கோ போலோ சொன்ன காயல் அதுதான். அங்கேயும் மண் மேடிட்டது, கடைசியில் தூத்துக்குடி எழுந்தது. வைகை முகத்தில் அழகன்குளம் துறை இருந்தது. சீனப் பீங்கான் கிடைத்த பெரியபட்டினம் இருந்தது. எதிரே இலங்கைக் கரையில் மாந்தை இருந்தது. கணக்கில் 21 தீவுகள் என்கிறோம், அவற்றில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. பவளப்பாறையை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். துறை நகரும்போது மனிதர்களும் கூடவே நகர்ந்தார்கள், நகர்வதற்கு அவர்களுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. அந்த இடத்தை இப்போது வேறு எதற்காவது என்று குறித்துவிட்டால், அடுத்த முறை கடல் ஏறும்போது எங்கள் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

கடலுக்குள்ளும் ஊர் மாதிரிப் பெயர்கள் உண்டு. கடலடியில் இருக்கும் பாறைத் திட்டைப் பார் என்போம். தூத்துக்குடிப் பக்கம் தொலாயிரம் பார், மன்னார்ப் பக்கம் பெரிய பார். முத்துக்குளிப்பு நின்று பல காலம் ஆன பிறகும் பார்களின் பெயர் நிற்கிறது. எங்கள் ஊரில் வயதானவர்கள் கரையில் தெரியும் பனைக்கூட்டத்தையும் கோயில் கோபுரத்தையும் ஒரே நேர்கோட்டில் வைத்துப் பாரைக் கண்டுபிடிப்பார்கள். என் அப்பா இருட்டில் கூட ஒரு கல்லைக் கயிற்றில் கட்டி இறக்கி, அடியில் சேறா பாறையா என்று கையிலேயே உணர்ந்து சொல்வார். ஜிபிஎஸ் வந்த பிறகு பையன்களுக்கு அது பழக்கமில்லை. அப்பா வயதில் இன்னும் ஏழெட்டுப் பேர்தான் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே பார்களின் பெயர்களைக் கேட்டு, தமிழிலேயே எழுதி, வரைபடத்தில் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன வேண்டுகோள். வரைவு வரைபடத்தை இணையதளத்தில் போட்டுவிட்டுக் கருத்துக் கேட்டால் எங்களுக்குப் போதாது. வீடும் கிணறும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக, தமிழில் அச்சடித்துக் கொண்டுவாருங்கள். ஒரு முறை வாடையில், ஒரு முறை கச்சானில், இரண்டு தடவை வாருங்கள். காலையில் ஏலம் முடிய எட்டு மணி ஆகிவிடும். பெண்கள் தீவுப் பக்கம் பாசிக்குப் போகாத நாளாகப் பார்த்து வந்தால் அவர்களும் இருப்பார்கள். கேள்வி கேட்ட அந்த அக்காவை முதலில் உட்கார வைத்து, ஊற்று எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அவரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்.

இப்படிக்கு,
மண்டபம் கரையிலிருந்து ஒரு மீனவர் மகன்